ஒரே மைனஸை இரண்டு முறை போட்டவன்

தாராவி ட்யூஷன் அக்கா:
90 அடி சாலைப் பக்கம் ஒரு மாடி அறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன வாரம் இந்தக் கூத்து. 30 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம். கீழ் மூலைகள் இரண்டிலும் +2 நானோ கூலூம் சார்ஜ். மேல் மூலையில் மின்புலம், அதாவது அங்கே ஒரு கூலூம் பிளஸ் சார்ஜை வைத்தால் அதைத் தள்ளும் விசை, என்ன? தனித்தனியாகப் போட்டால் ஆளுக்கு 200 நியூட்டன்/கூலூம். ஒருவன் சட்டென்று 400 என்றான். "ரெண்டும் ஒரே பக்கமாவாடா தள்ளுது?" என்றதும் தலையைச் சொறிந்தான். பக்கவாட்டுக் கூறுகள் அடிபட்டுப் போக, மேல்நோக்கி 2 × 200 × காஸ் 30°, அதாவது சுமார் 346.

சரி, வலது மூலையை −2 ஆக்கினேன். "பிளஸ்ஸும் மைனஸும் அடிச்சுக்கும், ஜீரோக்கா." வரைந்து பார் என்றேன். அப்பாவின் தோல் பட்டறையில் குறி போடும் வெள்ளிப் பேனாவால் அழகாக வரைந்தான். இடது சார்ஜிலிருந்து விலகி ஓர் அம்பு, வலது சார்ஜை நோக்கி ஓர் அம்பு. அம்பு சரி. ஆனால் கணக்கில் இறங்கும்போது −200 என்று வேறு எழுதிக்கொண்டான். திரும்பவும் 346 வந்து நின்றது! அம்பைத் திருப்பியபோதே மைனஸ் செலவாகிவிட்டதே. குறியை அம்புக்குக் கொடு, எண்ணை வெறுமனே வை என்றேன். செங்குத்துக் கூறுகள் கழிந்தன. வலப்பக்கமாக 100 + 100. விடை 200.

மாட்டுங்கா அப்பா:
என் மகளுக்குச் சதுரக் கணக்கு. நான்கு மூலையிலும் ஒரே அளவு பிளஸ் சார்ஜ் என்றால் நடுவில் பூஜ்யம். ஒன்றை எடுத்துவிட்டால்? √2 எல்லாம் போட்டு ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டாள். நாலும் சேர்ந்து பூஜ்யம் என்றால், மிச்சம் மூன்றும் சேர்ந்து எடுத்த ஒன்றுக்கு எதிராகத்தானே இருக்கும்? அளவு அந்த ஒன்றுக்கு உள்ளதே, திசை காலி மூலையை நோக்கி. லோக்கல் ரயிலில் சொன்னேன், குர்லா வருவதற்குள் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துல நிக்கிறவங்க இறங்கினா நாம அந்தப் பக்கம் சாயற மாதிரிப்பா." திசைக்கு இந்த உவமை போதும். தூரம் இரட்டித்தால் கால்வாசியாகக் குறைவது மின்புலம்தான். தாதர் ஸ்டேஷன் கூட்டம் எங்கே குறைகிறது?

செம்பூர்க்காரன்:
அக்கா, உங்கள் கணக்கில் 0.3 மீட்டருக்குப் பதில் 30 என்றே போட்டுப் பாருங்கள். 200க்குப் பதில் 0.02 வரும். பரீட்சையில் அப்படி எழுதி முழு மார்க்கும் போனவன் நான்.