புதுப்பிப்பு: காணாமல் போன பேஸ் கிடைத்துவிட்டது

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் பாட்டே கேட்கவில்லை, காதுக்குள் செருகும் புது இன்-இயர் இயர்போனில் பேஸும் (கனமான அடித்தொனி) இல்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். 'முதலில் டிப்பை (காதுக்குள் நுழையும் முனை உறையை) மாற்றிப் பாருங்கள்' என்றவர்களுக்கு நன்றி. இயர்போனில் குறையே இல்லை. நடுத்தர அளவு சிலிக்கோன் டிப் இடது காதுக்குச் சரி, வலது காதில் மட்டும் இடைவெளி விட்டிருக்கிறது, பேஸ் அதன் வழியே கசிந்துவிட்டது. அங்கே பெரியதை மாட்டியதும் மிருதங்கத்தின் தொப்பி (கனமான ஒலி தரும் இடப்பக்கம்) கும்மென்று வந்தது! இரண்டு காதுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டியதில்லை.

அப்புறம் பஞ்சு போன்ற ஃபோம் டிப்பும் வாங்கினேன். விரலால் உருட்டி ஒடுக்கி, மறு கையால் காதுமடலை மேலே பின்பக்கமாக இழுத்துக்கொண்டு நுழைக்க வேண்டும். அரை நிமிடம் அப்படியே பிடித்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும். ரயில் இரைச்சலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சீக்கிரம் தேய்ந்துவிடும், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எனக்குப் பெரிய நிம்மதி, வெளி இரைச்சல் அடைபட்டதால் ஒலியளவை நன்றாகக் குறைத்துவிட்டேன். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நடக்கும்போது வயர் உரசும் சத்தம் வந்தால், வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றி மாட்டுங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.