புவிமையக் கொள்கையும் புவிமையக் குறிப்பாயமும்: செயற்கைக்கோள் இயக்கத்துக்குரிய சொற்கள்

செயற்கைக்கோள்களின் பாதைகளை இன்றும் புவியை மையமாக வைத்தே கணிக்கிறார்கள் என்றால், புவியே அண்டத்தின் நடு என்று கொண்ட பண்டைய வானியலாளர் தாலமியின் அண்டம் அப்படியொன்றும் பிழையில்லையே என்று சிலர் ஐயம் எழுப்புகிறார்கள். இந்த ஐயத்துக்குச் சொல்லாட்சியும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அண்டத்தின் நடுவே புவி அசையாமல் நிற்கிறது என்னும் பழைய கோட்பாட்டையும், ஆயத்தொலைவுகளை (ஓர் இடத்தைக் குறிக்கும் எண்களை) எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்னும் கணக்கு வசதியையும் "புவிமைய" என்ற ஒரே அடையால் குறிக்கிறோம். முதலாவது உலகைப் பற்றிய ஒரு கூற்று. அதைச் சோதிக்கலாம், மறுக்கலாம். இரண்டாவது ஒரு தேர்வு. அதைப் பயனுள்ளது, பயனற்றது என்று மட்டுமே மதிப்பிட முடியும். ஆகவே முன்னதைப் "புவிமையக் கொள்கை" என்றும், பின்னதைப் "புவிமையக் குறிப்பாயம்" என்றும் எப்போதும் முழுமையாக எழுத வேண்டும் என்பது என் முதல் முன்மொழிவு. "குறிப்பாயம்" இடத்தையும் இயக்கத்தையும் அளக்கப் பயன்படும் அச்சுகளின் தொகுதியைக் குறிக்கப் பாடநூல்களில் ஏற்கெனவே வழங்கும் சொல் என்பதால் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் அடுத்த படியில்தான் இருக்கிறது, ஏனெனில் புவிமையக் குறிப்பாயம் ஒன்றல்ல. புவியின் மையத்தில் தொடங்கும் அச்சுகளை விண்மீன்களை நோக்கி நிலைநிறுத்தலாம். அல்லது தரையோடு பிணைத்து, புவி சுழலும்போது அவையும் சேர்ந்து சுழலும்படி விடலாம். முன்னதில் ஓர் அச்சு மேட முதற்புள்ளியை, அதாவது மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளில் ஞாயிறு தோன்றும் திசையை, நோக்குகிறது. அந்தப் புள்ளியும் மெல்ல நகர்வதால், 2000ஆம் ஆண்டு சனவரி 1 நண்பகலில் அது இருந்த திசையை ஏற்பது வழக்கம். பின்னதில் ஓர் அச்சு சுழி நெட்டாங்கை (கிரீனிச் வழியே செல்லும் 0 பாகைத் தீர்க்கக்கோட்டை) நோக்குகிறது. இவற்றை முறையே "விண்மீன்சார் புவிமையக் குறிப்பாயம்", "தரைசார் புவிமையக் குறிப்பாயம்" என்று அழைக்கலாம்.

இரண்டையும் வேறுபடுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பன்னாட்டு விண்வெளி நிலையம் நல்ல சான்று. விண்மீன்சார் நோக்கில், நடுவரைத் தளத்துக்கு (நிலநடுக்கோடு அமைந்த தளத்துக்கு) 51.6 பாகை சாய்ந்த, ஏறத்தாழ மாறாத ஒரு தளத்தில் அது சுமார் 92 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றுகிறது. புவியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால் அந்தத் தளமே நாளுக்கு ஏறக்குறைய 5 பாகை மேற்கே திரும்புகிறது என்பது தனிச்செய்தி. தரைசார் நோக்கிலோ ஒவ்வொரு சுற்றிலும் பாதை சுமார் 23 பாகை மேற்கே தள்ளிப்போகிறது. மூடிய வளையம் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. உலகப் படத்தில் அலை போல வளைந்து செல்லும் கோட்டைச் "சுற்றுப்பாதை" என்று எழுதுவதை விட்டு, "தரைத்தடம்" என்று எழுதினால் தெளிவு பிறக்கும்.

புவிநிலைச் சுற்றுப்பாதை என்னும் சொல் இந்த வகையில் வேடிக்கையானது. நடுவரைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் நொடிக்கு 3.07 கிலோமீட்டர் விரைவில் 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் ஒரு சுற்றை முடிக்கிறது. இதில் "நிலை" என்பது தரைசார் குறிப்பாயத்தில் மட்டும் உண்மை. "சுற்று" என்பது விண்மீன்சார் குறிப்பாயத்தில் மட்டும் உண்மை. ஒரே தொடரில் இரண்டு குறிப்பாயங்கள் அமர்ந்திருக்கின்றன! வேரூன்றிவிட்ட சொல் என்பதால் மாற்றச் சொல்ல மாட்டேன்.

அசையாப் புவியை வலியுறுத்துவோர் பதில் சொல்ல வேண்டிய இடமும் இதுவே. செயற்கைக்கோள் உண்மையிலேயே நிற்கிறது என்றால், அது ஏன் விழவில்லை? தரைசார் குறிப்பாயத்தில் கணக்கிடுவோர் ஈர்ப்புக்கு எதிராக மையவிலக்கு விசை என்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நகரும் பொருள்களுக்கு, சுழலும் குறிப்பாயத்தில் அவற்றின் பாதை வளைவதாகத் தோன்றுவதைக் கணக்கில் கொள்ளும் கொரியாலிசு விசையையும் சேர்க்கிறார்கள். குறிப்பாயம் சுழல்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அவற்றின் அளவு நமக்குக் கிடைக்கிறது. மேலும், அந்தக் குறிப்பாயத்தில் நெப்டியூன் நாளொன்றுக்கு ஒருமுறை நம்மைச் சுற்றியாக வேண்டும். அதன் தொலைவுக்கு அந்த விரைவு ஒளியின் விரைவை மிஞ்சிவிடும். ஆயத்தொலைவு மாறும் வீதம் என்று கொண்டால் இதில் முரண் எதுவும் இல்லை. கோள் ஒன்றின் மெய்யான ஓட்டம் என்று கொண்டால் ஏற்க முடியாது.

விண்மீன்சார் குறிப்பாயத்தை "நிலைமக் குறிப்பாயம்" (முடுக்கமோ சுழற்சியோ இல்லாத குறிப்பாயம்) என்றே அழைத்துவிடலாமே என்ற கருத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அது சுழலாதது என்பது சரி. ஆனால் அதன் தொடக்கப்புள்ளியான புவி ஞாயிற்றைச் சுற்றுவதால், நொடிக்கு நொடி ஏறத்தாழ 0.006 மீட்டர் வீதம் ஞாயிற்றை நோக்கி முடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இருந்தும் கணக்குப் பிசகாததற்குக் காரணம், செயற்கைக்கோளும் ஏறக்குறைய அதே முடுக்கத்தோடு ஞாயிற்றை நோக்கி விழுவதுதான். இரண்டுக்கும் உள்ள சிறு வேறுபாடு மட்டுமே மிஞ்சுகிறது. அச்சிறு வேறுபாட்டையும் புறக்கணித்துவிட முடியாது: நிலாவும் ஞாயிறும் சேர்ந்து புவிநிலைச் செயற்கைக்கோள்களின் சுற்றுத்தளத்தை ஆண்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாய்க்கின்றன, அதைத் திருத்த எரிபொருள் செலவாகிறது. திருத்தாமல் விட்ட செயற்கைக்கோளின் தரைத்தடம் மெல்ல எட்டு வடிவமாக விரியும். ஆகவே "நிலைம" என்பதைத் தோராயம் என்ற குறிப்போடுதான் ஆள வேண்டும். "விண்மீன்சார்" என்பதற்கு அந்தத் தொல்லை இல்லை.

பிற கோள்களுக்கும் நிலாவுக்கும் இச்சொற்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். செவ்வாயைச் சுற்றும் கலத்துக்குச் "செவ்வாய்மைய விண்மீன்சார் குறிப்பாயம்" என்றும், நிலாவில் இறங்கும் கலத்துக்கு "நிலாமையத் தரைசார் குறிப்பாயம்" என்றும் தடையின்றி ஆள முடிகிறது. வியாழனுக்குத்தான் "தரைசார்" ஒத்துவரவில்லை, அங்கே தரையே இல்லை. அதற்குக் "கோளுடன் சுழலும்" என்று விரித்து எழுதுவதைவிடச் சிறந்த சொல் இருந்தால் முன்வைக்க வேண்டுகிறேன்.