லேப்டாப் சர்வீஸ் கடை: 40,000 ரூபாயில் முதலில் எதை வாங்குவது?

கேள்வி:
10-க்கு 10 அறை ரெடி. லேப்டாப், டெஸ்க்டாப் சர்வீஸ் மட்டும்தான். எந்தக் கருவிகளை முதலில் வாங்கலாம் அண்ணா?

பதில் 1:
30 வோல்ட், 5 ஆம்பியர் டிசி பவர் சப்ளைதான் முதலில் தம்பி. அப்புறம் மல்டிமீட்டர், சால்டரிங் ஸ்டேஷன், 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சீக்கிரம் ஆவியாகும் கிளீனிங் திரவம்). ஆன் ஆகாத லேப்டாப் மதர்போர்டுக்கு 19 வோல்ட் கொடுத்ததும் வோல்டேஜ் படுத்து ஆம்பியர் எகிறினால் போர்டின் மெயின் பவர் லைனில் ஷார்ட். உடனே ஆஃப் செய்து, 1 வோல்ட்டுக்கு இறக்கி அந்த லைனில் நேரடியாகக் கொடுங்கள். போர்டில் ஐபிஏ தடவினால் ஷார்ட்டான பார்ட் மீதுதான் முதலில் காயும். பெரும்பாலும் கடுகளவு செராமிக் கெப்பாசிட்டராக இருக்கும். ஐபிஏ தீப்பிடிக்கும், அயர்ன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பதில் 2:
பயாஸ் புரோகிராமர் (மதர்போர்டை ஸ்டார்ட் செய்யும் சாஃப்ட்வேர் உள்ள பயாஸ் சிப்பை ரீட், ரைட் செய்யும் கருவி) வாங்கினால், மலிவான கறுப்பு சிஹெச்341ஏ போர்டில் கவனம். சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா பின்களில் 5 வோல்ட் வரும் வகை உண்டு. மீட்டர் வைத்துப் பாருங்கள். 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் வேண்டும். இரண்டு முறை ரீட் செய்து, இரண்டு ஃபைலும் ஒத்துப்போன பிறகே எரேஸ்.

பதில் 3:
ஜாப் கார்டு அடிக்க மறக்காதீங்க. ஹிஞ்ச் (ஸ்கிரீன் கீல்) விரிசல், காணாத ஸ்க்ரூ, டேட்டா பேக்கப் உண்டா இல்லையா, எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே திறக்கணும்.