பழைய காதல் கதைக்குப் புதுச் சட்டை: உங்களுக்கு எது பொருந்தியது, எது பொருந்தவில்லை?

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் எனக்கு அறிமுகமானது காரைக்குடி வழியாகத்தான். 2000-இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. செட்டிநாட்டு வீடு, தபு, ஐஸ்வர்யா ராய், ரஹ்மான் பாட்டு, இவ்வளவுதான் தெரியும். அதற்குள் 1811-இல் வந்த அவருடைய நாவல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ படிக்கும்போது, கர்னல் பிராண்டன் ஃபிளானல் உள்சட்டை போடுகிற வயசாளி என்று நாயகிகளில் ஒருத்தியான மரியான் கேலி செய்கிற இடம் வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. அட, இது மம்மூட்டி ஆயிற்றே!

அந்த நாவலின் இரண்டாவது அத்தியாயத்துக்காகவே அதைப் படிக்கலாம். அப்பா இறந்துவிட்டார், சொத்து மூத்த தாரத்து மகனுக்கு. தங்கைகள் மூவருக்கும் ஆளுக்கு ஆயிரமாக 3,000 பவுண்டு கொடுத்துவிடலாம் என்று அவன் மனதுக்குள் நினைத்திருக்கிறான். மனைவி பேச ஆரம்பிக்கிறாள். நமக்கும் ஒரு பையன் இருக்கிறானே? சரி, ஆளுக்கு 500. அதுவும் அதிகமோ? அப்படியானால் அவர்கள் அம்மாவுக்கு வருஷம் 100. ஐயோ, வருஷாவருஷம் பணம் வருகிறதென்றால் மனுஷர்கள் சாகவே மாட்டார்கள்! சரி, எப்போதாவது 50. கடைசியில் சீசனுக்குக் கொஞ்சம் மீன், வேட்டைக்கறி அனுப்பினால் போதும் என்று வந்து நிற்கிறது. ஒரு குரல்கூட உயரவில்லை.

படத்திலும் தாத்தா போனதும் வீடு மாமா கைக்குப் போகிறது. அம்மாவும் மூன்று பெண்களும் சென்னைக்கு மூட்டை கட்டுகிறார்கள். எனக்கு அந்தப் படம் ஒட்டியதற்குக் காரணம் இதுதான். காதலுக்கு முன்னால் வீடு போகிறது, அந்தப் பயம் நமக்கும் தெரிந்த பயம்.

நேர்மாறாக, கர்டிஸ் சிட்டன்ஃபெல்டின் ‘எலிஜிபிள்’ (2016). ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ இன்றைய அமெரிக்காவின் சின்சினாட்டிக்குப் போகிறது. நாயகி எலிசபெத் இங்கே லிஸ், 38 வயது; நாயகன் டார்சி நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர். சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் கடைசித் தங்கை லிடியா ஓடிப்போகும் இடம் வந்ததும் கதை தொய்ந்துவிட்டது. 1813-இல் ஒருத்தி ஓடிப்போனால் அக்காக்கள் நால்வருக்கும் வரன் வராது. இங்கே அம்மாவுக்கு அதிர்ச்சி, வீட்டில் சண்டை, அவ்வளவுதான். யாருக்கும் தலை போகவில்லை. தலை போகாத இடத்தில் டார்சி வந்து காப்பாற்றி என்ன பிரயோஜனம்?

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

*

அக்கா, என்னுடையது வேறு மாதிரி. என் அம்மா இரண்டு வீடுகளில் துணி துவைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். எம்.ஏ.வில் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ எலிசபெத்தை எங்கள் வகுப்பே கொண்டாடியது. காய்ச்சலாகக் கிடக்கிற அக்காவைப் பார்க்க மூன்று மைல் சேற்றில் நடந்து போகிறாள், பாவாடையில் ஆறு அங்குலத்துக்குச் சேறு, யார் முகம் சுளித்தாலும் அவளுக்குக் கவலை இல்லை. நானும் சேர்ந்துதான் கைதட்டினேன்.

அப்புறம் ஜோ பேக்கரின் ‘லாங்போர்ன்’ (2013) கையில் கிடைத்தது. எலிசபெத்தின் அதே வீடு, ஆனால் சமையற்கட்டிலிருந்து. சாரா என்கிற வேலைக்காரப் பெண் விடியுமுன் எழுந்து துணி துவைக்கிறாள், குளிரில் கையெல்லாம் வெடித்திருக்கிறது. எலிசபெத்தே தன் பாவாடையைத் துவைப்பதாக இருந்தால் கொஞ்சம் பார்த்து நடந்திருப்பாள் என்று அவள் நினைப்பதோடுதான் புத்தகமே தொடங்குகிறது. அந்த இடத்தில் மூடி வைத்துவிட்டேன். கார உப்பு போட்ட சோப்பில் என் அம்மாவின் விரல் இடுக்கு வெந்து கிடந்தது ஞாபகம் வந்தது. இருநூறு வருஷமாக அந்தச் சேற்றை யார் துவைத்தார்கள் என்று எனக்கே தோன்றவில்லையே!

எலிசபெத்தை இப்போதும் பிடிக்கும். கைதட்டல்தான் கொஞ்சம் குறைந்துவிட்டது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த நாவல் பிடிக்கவில்லை, "நிம்மதியா ஒரு காதல் கதை படிக்க விடமாட்டாங்களா" என்றார்கள். அவர்கள் சொல்வதும் புரிகிறது.

*

ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலை வைத்து வந்த 2022 படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, நானே திட்டிவிடுகிறேன். எட்டு வருஷம் வாயைத் திறக்காமல் ஒருத்தனை நினைத்துக்கொண்டிருக்கும் 27 வயதுப் பெண் ஆன். அவளைக் கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்க வைத்து, "அந்நியர்களைவிட மோசம், நாங்கள் எக்ஸ்" என்று பேசவைத்தால் எப்படி? நாவல் முழுக்க அவள் பேசாததுதானே கதை!

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. கல்லூரி முதல் வருஷம் படிக்கும் என் அண்ணன் மகளுக்குப் படம் ரொம்பப் பிடித்தது. அந்தச் சூட்டோடு நாவலையும் எடுத்தாள். பாதியில் ஃபோன் செய்து, "அத்தை, புக்ல இவ ஏன் எதுவுமே சொல்ல மாட்டேங்கிறா, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். ஆன் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கேப்டன் வென்ட்வொர்த்தின் கடிதம் வரைக்கும் பொறு என்றேன். மறுநாள் அழுத முகத்தோடு ஒரு செல்ஃபி வந்தது.

*

லிடியா விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் அக்கா. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்த ‘தி லிஸ்ஸி பென்னட் டைரீஸ்’ யூடியூபில் 2012-13-இல் 100 எபிசோடாக வந்தது. திங்கள், வியாழன் என்று காத்திருந்து பார்த்தவள் நான். அறுபதாவது எபிசோடு வரை டார்சி முகத்தையே சரியாகக் காட்டவில்லை; லிஸ்ஸியே தொப்பியும் போ டையும் மாட்டிக்கொண்டு அவனைப் போல நடித்துக் காட்டுவாள். அதில் லிடியா ஓடிப்போவதில்லை. நாவலில் அவள் யாரோடு ஓடிப்போகிறாளோ அந்த விக்கம், அவளோடு எடுத்த அந்தரங்க வீடியோவை இணையத்தில் விற்கப் பார்க்கிறான். இந்தக் காலத்திலும் தலை போகிற விஷயம்தானே இது? அந்த வாரம் எங்கள் ஹாஸ்டலில் யாரும் அவளை முட்டாள் என்று சொல்லவில்லை.

*

ஒத்துக்கொள்கிறேன். அதே ஓட்டத்தில் சோனியா கமாலின் ‘அன்மேரியபிள்’ நாவலையும் (2019) சேர்த்துக்கொள்ளுங்கள். கதை பாகிஸ்தானில் நடப்பதால் லிடியாவுக்குப் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, ஓடிப்போனதே போதும்.

இன்னொன்று. அந்த 3,000 பவுண்டு கதையை ஒருநாள் அம்மாவுக்குச் சொன்னேன். தாத்தா நிலத்தை மாமா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு பல வருஷமாகிறது. கீரை ஆய்ந்தபடியே முழுக்கக் கேட்டார்.

"மீனாவது ஒழுங்கா அனுப்பினானா?" என்றார்.