டீபக்கர் தாமதம்: கட்டளைகளைத் தொகுத்து அனுப்பிய அனுபவம்

ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சில்லு ஒன்றின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட்டைப் படிக்க வேண்டியிருந்தது. டீபக்கர் (சில்லுக்குள் நடப்பதைப் பார்த்துப் பிழை தேட உதவும் கருவி) நத்தை வேகத்தில் நகர்ந்தது. சில்லையும் டீபக்கரையும் இணைக்கும் இரு கம்பித் தொடர்பான எஸ்டபிள்யூடியின் கடிகாரத்தை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தியும் மாற்றம் ஏதுமில்லை. தாமதம் கம்பியில் இல்லை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ஒரு 32 பிட் பரிமாற்றத்துக்கு ஏறத்தாழ 46 கடிகாரத் துடிப்புகள் போதும். 10 மெகாஹெர்ட்ஸில் அது 5 மைக்ரோவினாடிகூட இல்லை. ஆனால் கணினியையும் டீபக்கரையும் இணைக்கும் முழுவேக யூஎஸ்பியில் ஒரு கேள்வி போய்ப் பதில் வர 1 மில்லிவினாடியாவது ஆகிறது. எங்கள் மென்பொருள் ஒவ்வொரு முறையும் டிஏஆர் என்ற முகவரிப் பதிவகத்தில் முகவரியை எழுதி, டிஆர்டபிள்யூ என்ற தரவுப் பதிவகத்தைப் படித்து, விடையை ஆர்டிபஃப் என்ற வாசிப்புப் பதிவகத்திலிருந்து எடுத்தது. அதாவது 16,384 முறை, முறைக்கு மூன்று பயணம். கிட்டத்தட்ட 50 வினாடி வெறும் காத்திருப்பிலேயே போனது.

முகவரி தானாகக் கூடும்படி சிஎஸ்டபிள்யூ என்ற கட்டுப்பாட்டுப் பதிவகத்தை அமைத்துவிட்டு, டிஆர்டபிள்யூ வாசிப்புகளை வரிசையில் சேர்த்து மொத்தமாக அனுப்பினோம். ஒரு வாசிப்பின் விடை அடுத்த வாசிப்போடுதான் வரும் என்பதால், ஆர்டிபஃபைத் தொகுப்பின் கடைசியில் ஒரே ஒரு முறை தொட்டால் போதும். 1 கிலோபைட் எல்லையைத் தாண்டும்போது மட்டும் டிஏஆரை மறுபடி எழுதியாக வேண்டும். அதற்கு மேல் முகவரி தானாகக் கூடும் என்று நம்ப முடியாது. மற்றவர்களின் அனுபவத்தையும் அறிய ஆவல்.

மறுமொழி

எங்களுக்கு வேகத்தைவிடப் பிழைகளைக் கையாள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. தொகுப்பின் நடுவில் தவறான முகவரி ஒன்று வந்தால் பிழைக்கொடி ஏறி நின்றுவிடும். அபார்ட் பதிவகத்தில் எழுதி அதை நீக்கும்வரை பின்னால் வரும் எதுவும் நடக்காது. கணினியும் டீபக்கரும் பேசிக்கொள்ளும் சிஎம்எஸ்ஐஎஸ்-டாப் நெறிமுறையில் எத்தனை பரிமாற்றம் முடிந்தது என்ற எண்ணிக்கை பதிலிலேயே இருக்கிறது. அதை வைத்துத்தான் எந்த முகவரி தகராறு செய்தது என்று பயனருக்குச் சொல்ல முடிந்தது. இந்த எண்ணிக்கையைத் தயவுசெய்து வீசிவிடாதீர்கள்.

மறுமொழி

ரிஸ்க்-வி வகைச் சில்லுகளில் இன்னொரு சங்கடம். அங்கே அப்ஸ்ட்ராக்ட்ஆட்டோ வசதியைப் போட்டுவிட்டால், டேட்டா0 என்ற தரவுப் பதிவகத்தைப் படித்ததுமே அடுத்த கட்டளை தானாக ஓடும். தொகுப்பதற்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் டிஎம்ஐ (சில்லின் டீபக் பகுதியை அணுகும் இடைமுகம்) முந்தைய கோரிக்கையை இன்னும் முடிக்காதபோது நாம் முந்திக்கொண்டால், அது 3 என்ற நிலையைத் தந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு வந்த விடைகள் செல்லாது. டிஎம்ஐரீசெட் செய்து அந்த நிலையை நீக்கி, ஸ்கேன்களுக்கு (ஒவ்வொரு முறை தரவு அனுப்பிப் பெறுவதற்கு) இடையே ஓய்வுத் துடிப்புகளைக் கூட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

சாதாரண ராமுக்கு இது சரி. யுவார்ட் என்ற தொடர் தகவல்தொடர்புச் சாதனத்தின் பெறுதல் பதிவகத்தில் இப்படி மறுமுறை படித்தபோது பைட்டுகள் காணாமல் போயின, ஏனென்றால் ஒரு முறை படித்தாலே அந்த பைட் வரிசையிலிருந்து போய்விடுகிறது. அதனால் புறச்சாதன முகவரிகளுக்கு மட்டும் இப்போதும் ஒவ்வொன்றாகவே அனுப்புகிறோம்.