சிறுசேரியில் ஒரு ஆபீஸ், கிண்டியில் ஒரு ஆபீஸ்: சென்னையில் வீடு எந்தப் பக்கம் பார்ப்பது?

நெல்லைவாசி

வணக்கம். மே மாசம் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குக் குடி வர்றோம். வீட்டுக்காரருக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை, கம்பெனி பஸ் உண்டு. எனக்குக் கிண்டி தொழிற்பேட்டை. பஸ் கிடையாது, 9.30-க்குள் உள்ளே இருக்கணும். மகள் ஜூனில் மூன்றாம் வகுப்பு. அத்தைக்கு முட்டி வலி, படி ஏறுவது கஷ்டம். ஒரு ஸ்கூட்டர்தான் இருக்கு. இரண்டு பெட்ரூம், எல்லாம் சேர்த்து மாசம் 22,000-க்குள் முடியணும்.

மேடவாக்கம், வேளச்சேரி, நங்கநல்லூர், கிழக்குத் தாம்பரம், நாவலூர் என்று ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. வெள்ளம், தண்ணிப் பஞ்சம் இரண்டையும் நினைச்சா பயமா இருக்கு. எதை வச்சு முடிவு பண்றது?

---

எட்டாம்_பிளாட்பாரம்

ஊர் பெயரைத் தள்ளி வையுங்க. உங்க இரண்டு பேரில் கம்பெனி பஸ் இல்லாதவர் நீங்க, அதனால் வீடு உங்க பக்கம் சாயணும். சிறுசேரிக்குப் போறவர் பஸ்ஸில் தூங்கிக்கிட்டே போவார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு ஆபீசுக்கும் நடுவில் என்று மேப்பில் புள்ளி வைத்தால் மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் விழும். இரண்டு பேருக்குமே சாலைதான் கதி என்றாகிவிடும்.

கிண்டிக்கு மின்சார ரயிலும் உண்டு, மெட்ரோவும் உண்டு. தாம்பரத்திலிருந்து வரிசை இது: தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி. தாம்பரத்தில் ஏறினால் சுமார் 25 நிமிடம், பழவந்தாங்கலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். மாத சீசன் டிக்கெட் செலவு ஒரு நாள் ஆட்டோக் காசுக்குள் அடங்கிவிடும். மகளிர் பெட்டியும் உண்டு. நங்கநல்லூர் என்றால் பழவந்தாங்கல் ஸ்டேஷன், நங்கநல்லூர் ரோடு மெட்ரோ என இரண்டு வழி இருப்பதால் ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓடும்.

முதல் வேலையாக, கம்பெனியின் பஸ் ரூட் பட்டியலை எச்.ஆர்.-இடம் கேட்டு வாங்குங்க. "தாம்பரம் ரூட் இருக்கு" என்ற வாய்ச்சொல் போதாது. எந்த நிறுத்தம், எத்தனை மணி, எந்த ஷிப்டுக்கு, சாயங்காலம் கடைசி வண்டி எப்போது என்று தெரியணும். பஸ்ஸில் இடம் காலியா என்பதும் முக்கியம். சில ரூட்டில் காத்திருப்போர் பட்டியலே இருக்கும். அந்த நிறுத்தத்திலிருந்து 10 நிமிட நடை, ரயில் நிலையத்திலிருந்து 15 நிமிட நடை, இந்த இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் உங்க வீடு.

என் கணக்கில் இரண்டே இரண்டு பக்கம் தேறும். ஒன்று நங்கநல்லூர், ஆதம்பாக்கம். இன்னொன்று கிழக்குத் தாம்பரம், சேலையூர். உங்களுக்குத் தாம்பரத்தில் கூடுதல் லாபம்: நெல்லை ரயில்கள் அங்கேயே நிற்கும். தென்மாவட்டப் பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து போகின்றன, அதுவும் தாம்பரத்துக்குப் பக்கம்தான். ஆனால் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து 4 கி.மீ. உள்ளே தள்ளி வீடு எடுத்தால் ரயில் லாபம் முழுக்க ஷேர் ஆட்டோவில் கரைந்துபோகும்.

நாவலூரை விட்டுடுங்க. அவருக்கு அது பக்கம், உங்களுக்கு ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) முழுவதும் தினம் இரண்டு முறை.

இன்னொன்று, புரோக்கர் "இங்கேதான் மெட்ரோ வருது" என்பார். மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியாகத் திட்டமிடப்பட்டது உண்மைதான். நாளை ஓடப்போகும் ரயிலுக்கு இன்றைக்கே வாடகை கொடுக்காதீங்க. கட்டுமானம் முடியும்வரை அந்தச் சாலைகள் குறுகலாகத்தான் இருக்கும்.

---

சம்ப்பு_மூடி

மேலே சொன்னது சரி. வெள்ளத்துக்கும் தண்ணிக்கும் வருவோம். "வேளச்சேரி மூழ்கும், நங்கநல்லூர் மூழ்காது" என்று ஏரியா ஏரியாவாகப் பேசுவதில் அர்த்தமில்லை. ஒரே நகரில் முதல் தெரு காய்ந்திருக்கும், நாலாவது தெருவில் இடுப்பளவு நிற்கும்.

தென்சென்னையில் தண்ணீர் போகிற வழி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரிநீர் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடு, பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம். வெளியேறும் வாய் சிறிது, வந்து சேரும் நீர் பெரிது. அதனால்தான் மழை நின்ற மறுநாளும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கத்தில் தாழ்வான தெருக்களில் நீர் ஏறும். முடிச்சூர், வரதராஜபுரம் கதை வேறு. அது அடையாற்றின் மேல்பகுதி, 2015 பெருவெள்ளத்தில் மோசமாக அடிவாங்கிய இடம். "தாம்பரம்" என்று விளம்பரம் போட்டு முடிச்சூரில் வீடு காட்டுவார்கள், கவனம்.

வீடு பார்க்கும்போது கண்ணில் படவேண்டியவை:

தெருவை விட வீட்டு வாசல் எவ்வளவு உயரம்? பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் பல பழைய வீடுகள் ரோட்டை விடத் தாழ்ந்துவிட்டன. கேட்டிலிருந்து உள்ளே இறங்கி நடக்கவேண்டி இருந்தால் அந்த வீடு வேண்டாம். ஈ.பி. மீட்டர் பெட்டி, மோட்டார், சம்ப்பு (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடி மூன்றும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்க. மீட்டர் பெட்டியைப் புதிதாக மேலே ஏற்றியிருந்தால், பழைய இடத்துக்குத் தண்ணீர் வந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்க. காம்பவுண்டு சுவரின் உட்புறம் கிடைமட்டமாக ஒரு கோடு, அதற்குக் கீழே பெயின்ட் உரிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டு ஓனரிடம் வெள்ளம் பற்றிக் கேட்காதீங்க. தெரு முனையில் இஸ்திரி போடுபவர், மளிகைக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, இந்த மூன்று இடத்தில் கேளுங்க. கேள்வியும் "தண்ணி வருமா" என்று இருக்கக்கூடாது. "2015-ல் எதுவரை வந்துச்சு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எதுவரை வந்துச்சு, கரண்ட் எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு" என்று கேளுங்க. கடைசிக் கேள்விதான் முக்கியம். முதல் மாடி, இரண்டாம் மாடி எடுத்தால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியதும் சம்ப்பு மோட்டார் ஓடாது, லிப்ட் ஓடாது, சம்ப்புக்குள் சாக்கடை கலந்திருக்கும். படி ஏறமுடியாத பெரியவர் மேலேயே மாட்டிக்கொள்வார்.

அத்தைக்காக இப்படிப் பாருங்க: கீழே கார் நிறுத்தும் தளம், அதற்கு மேல் முதல் மாடி, லிப்ட், லிப்டுக்கு ஜெனரேட்டர். படி வழியாகப் போனாலும் ஒரே மாடிதான். தரைத்தளம்தான் வேண்டுமென்றால் மேடான தெருவில் மட்டும்.

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களுக்குப் போகும் வசதி இருக்கிறது. உங்க கட்டடத்தின் மேல் வைத்து 2000-களின் தொடக்கம் வரை பின்னால் தள்ளுங்க. நீர்ப்பரப்போ வயலோ தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

தண்ணீர்: நாலு வகை வரவு உண்டு. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) குழாய், போர்வெல், லாரி, குடிக்க கேன். வீட்டுக்கு எது எது வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தனித்தனியாகக் கேளுங்க. "24 மணி நேரமும் தண்ணி" என்றால் ஓவர்ஹெட் டேங்கில் இருக்கிறது என்றுதான் பொருள். டேங்குக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகள் பலவும் லாரியை நம்பித்தான் ஓடின. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. நாலு பேருக்கு 540 லிட்டர், மாதம் சுமார் 16,000. முழுக்க லாரி என்றால் 12,000 லிட்டர் வண்டி ஒன்றே கால் லோடுக்கு மேல் உங்க பங்குக்கு மட்டும். அந்தத் தெருவில் லோடு என்ன விலை என்று கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்க. மெயின்டனன்ஸ் ரசீது கேட்கும்போது நவம்பர் மாதத்ததைக் காட்டுவார்கள். ஏப்ரல், மே மாதத்ததைக் கேளுங்க.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா ஒன்று வாங்கி, குளியலறைக் குழாயில் பிடித்துப் பாருங்க. 500-க்குள் இருந்தால் நல்லது. 2,000-ஐத் தாண்டினால் கீசர், வாஷிங் மெஷின், தலைமுடி எல்லாம் போகும். பேனா இல்லையென்றால் குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு, கழிவறைப் பீங்கானில் காவிக் கறை போதும்.

பாதாளச் சாக்கடை இருக்கிறதா, செப்டிக் டேங்கா என்பதையும் மறக்காதீங்க. நங்கநல்லூர், ஆதம்பாக்கம் சென்னை மாநகராட்சி. கிழக்குத் தாம்பரம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி. மேடவாக்கம் பக்கம் செப்டிக் டேங்க் வீடுகள் நிறைய. கழிவு லாரி வரும் செலவை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசணும்.

---

மேடவாக்கம்_கூட்டுரோடு

மேடவாக்கத்தை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கவேண்டாம். அதே வாடகைக்கு நங்கநல்லூரில் பழைய வீட்டில் இரண்டு சின்ன அறை கிடைக்கும். இங்கே லிப்டோடு புது பிளாட். சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி கிட்டத்தட்ட 15 கி.மீ., நைட் ஷிப்டில் பஸ் தவறினாலும் வீடு வந்து சேரலாம். வெள்ளை போர்டு பஸ்ஸில் (சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்) பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதில் வேளச்சேரி வழியாகக் கிண்டி போகலாம். நங்கநல்லூரில் "சைவம் மட்டும்" என்று சொல்லும் ஓனர்கள் அதிகம் என்பதையும் யாராவது சொல்லணும். மீன் சாப்பிடும் குடும்பம் என்றால் போனிலேயே கேட்டுவிடுங்க, வீணாக வெயிலில் அலையவேண்டாம்.

---

எட்டாம்_பிளாட்பாரம்

வீடு புதுசு, ஒத்துக்கிறேன். ஆனால் காலை 8.30-க்குப் பள்ளிக்கரணை, விஜயநகர் சந்திப்பு, குருநானக் கல்லூரி மூன்றையும் தாண்டணுமே. மழை நாளில் அந்த வழி நின்றால் மாற்று வழியும் அதே போல நிற்கும். நெல்லைவாசி, நீங்களே சோதித்துப் பாருங்க: டோக்கன் (வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் முன்பணம்) கொடுக்கும் முன் ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி ஆபீஸ் கேட் வரை போங்க. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு பார்த்துவிட்டு "20 நிமிஷம்தான்" என்று நம்புவதுதான் வெளியூரிலிருந்து வருபவர்கள் செய்யும் பெரிய தப்பு.

மகளின் பள்ளி வேன் எந்தத் தெரு வரை வரும் என்பதையும் வீட்டுக்கு முன்பே பாருங்க. பள்ளியில் இடம் உறுதியான பிறகு வீடு.

---

பத்திரம்_பத்திரம்

பணப் பக்கம் யாரும் தொடவில்லை.

22,000 என்பது கையிலிருந்து போகும் மொத்தம் என்றால் வாடகை 17,000–18,000-க்கு மேல் போகக்கூடாது. மெயின்டனன்ஸ், கேன், லாரி, ஈ.பி. மீதியைத் தின்றுவிடும்.

ஈ.பி.யில் ஒரு கண்ணி இருக்கு. உங்க வீட்டுக்குத் தனி மீட்டரா, ஓனர் வைத்த சப் மீட்டரா என்று கேளுங்க. தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. சப் மீட்டர் என்றால் அந்தச் சலுகை ஓனருக்கு. எல்லா வீட்டு யூனிட்டும் ஒரே இணைப்பில் சேர்ந்து 500-ஐத் தாண்டினால் யூனிட் விலை அடுத்த படிக்கு ஏறும். அதைத் தலையில் கட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் ஒரு ரேட் சொல்வார். தனி மீட்டரானால் சர்வீஸ் நம்பரை வாங்கி பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் பாருங்க. குடிபுகும் நாளில் ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்க.

அட்வான்ஸ்: தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் அளவு, ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்ற ஓட்டையும் அதிலேயே இருக்கு. ஐந்து, ஆறு, பத்து மாதம் கேட்பது அதனால்தான். பேசிக் குறைக்கலாம். எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை அதிகார அமைப்பில் பதியவும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் இவை இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீங்க: காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் (பலர் ஒரு மாத வாடகை என்பார்கள், வேண்டாம் என்றால் இப்போதே பேசணும்), அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், மோட்டார் ரிப்பேரும் லாரித் தண்ணியும் யார் செலவு, வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள், எத்தனை மாத நோட்டீஸ்.

வருமான வரியில் பழைய முறையில் வீட்டு வாடகைப் படிக்கு (எச்.ஆர்.ஏ.) கழிவு எடுப்பதாக இருந்தால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது ஓனரின் பான் எண் வேண்டும். பல ஓனர்கள் தரமாட்டேன் என்பார்கள். இதையும் டோக்கனுக்கு முன்பே கேளுங்க.

"மாத வாடகை இல்லை, மொத்தமாக லீசுக்கு" என்று யாராவது ஆசை காட்டினால் வில்லங்கச் சான்று பார்க்காமல் பணம் கொடுக்காதீங்க. வீடு வங்கியில் அடமானம் இருந்து கடன் நின்றுபோனால் மாட்டுவது உங்க லட்சங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு "கேட் பாஸ்", "புக்கிங்" என்று கியூஆர் கோடு அனுப்புபவர் மோசடிக்காரர்தான்.

---

நெல்லைவாசி

ரொம்ப நன்றி. பஸ் ரூட் பட்டியல் கேட்டாச்சு. கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடு நிறுத்தம் இருக்கு, நங்கநல்லூரில் இல்லை. அப்போ சேலையூர் பக்கம் பார்க்கிறோம். மே மாசம் பார்க்கும்போது வெள்ளம் எப்படித் தெரியும்?

---

சம்ப்பு_மூடி

தெரியாது. மே மாதம் தண்ணிப் பஞ்சத்தைக் காட்டும், வெள்ளத்தை மறைக்கும்; நவம்பரில் நேர்மாறு. அதனால் கோடையில் குழாயைத் திறந்து பாருங்க, வெள்ளத்துக்கு இஸ்திரிக்காரரைக் கேளுங்க. சேலையூர் ஏரிக்கும் செம்பாக்கம் ஏரிக்கும் கரையை ஒட்டிய தெருக்களையும் உபரிநீர்க் கால்வாயை ஒட்டிய தெருக்களையும் விட்டுடுங்க. மற்றபடி ஸ்டேஷன் பக்கமாக எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு.

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலத்தை ஒரு மாதம் என்று போடச் சொல்லுங்க. முதல் மழைக்காலம் சரியில்லை என்றால் டிசம்பரில் வண்டி கட்டலாம்.