மின் கம்பிகளை ஊர்க்காரர்களே விலைக்கு வாங்கினார்களாமே, உண்மையா?

சந்தேகசாமி:
ஜெர்மனியில் ஷோனாவ் என்ற சின்ன நகரத்தில் மக்களே மின் விநியோகத்தை வாங்கி நடத்துவதாக நண்பர் ஒருவர் சொன்னார். வாட்ஸ்அப் கதையோ என்று தோன்றுகிறது. கூட்டுறவுப் பால் பண்ணை புரிகிறது. தெருவில் ஓடுகிற கம்பியை எப்படி வாங்குவது?

மின்மினி:
கதையில்லை. 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு பயந்துபோன பெற்றோர் சிலர் ஆரம்பித்தது. முன்னின்ற உர்சுலா ஸ்லாடெக்குக்கு 2011-ல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் விருது கிடைத்தது. மேல்விவரம் கறண்ட் அண்ணாவைக் கேளுங்கள்.

கறண்ட்காரன்:
கூப்பிட்டாச்சு, வந்திட்டன். ஃப்ரைபுர்க்கில எலெக்ட்ரீசியன் வேலை செய்து ஓய்வெடுத்த ஆள் நான். ஷோனாவ் மலைக்கு அந்தப் பக்கம், 2,500 சனம் அளவு. எல்லாரும் அணுவைப் பற்றித்தான் கதைப்பினம். எனக்குக் கம்பிக்கதைதான் பெரிசு.

ஊருக்குக் கறண்ட் குடுக்கிற பழைய கம்பனியின்ர ஒப்பந்தம் 1994 வரைக்கும் இருந்தது. அதுக்கு முன்னமே, "ஒரு லட்சம் மார்க் (ஜெர்மனியின்ர பழைய காசு) தாறம், இன்னும் 20 வருஷம் நீட்டுங்கோ" எண்டு நகரசபையைக் கேட்டவை. சனம் என்ன செய்தது தெரியுமோ? தாங்களே அதே ஒரு லட்சத்தைச் சேர்த்து, "இந்தாங்கோ, கையெழுத்து வைக்காதேங்கோ" எண்டு நீட்டினது! சபை கேக்கேல்லை. 1991 ஒக்டோபர் வாக்கெடுப்பில சபையின்ர முடிவு கவிண்டது.

1994-ல சனம் சொந்தக் கம்பனி தொடங்கினது. சபை அதுக்கு உரிமையைக் குடுக்க, இப்ப எதிர்ப்பக்கம் வாக்கெடுப்புக் கேட்டது. 1996 மார்ச், சனத்தின்ர கம்பனிக்கு 52.4 வீதம். மயிரிழை.

இனித்தான் கம்பி. பழைய கம்பனி கேட்டது 87 லட்சம் மார்க். இவையின்ர நிபுணர் சொன்னது 39 லட்சம். புதைச்ச கேபிளுக்கு விலை சொல்லுறது லேசில்லை, தம்பி. புதுசாப் போட என்ன செலவு எண்டு பார்த்தா ஒரு தொகை, இனி என்ன உழைக்கும் எண்டு பார்த்தா வேற தொகை. கடைசியா 57 லட்சம். முதல்ல காசைக் கட்டி எடுப்பம், பிறகு கோர்ட்டில பாப்பம் எண்டு துணிஞ்சவை. காசுக்கு நாடு முழுக்க நன்கொடை விளம்பரம்: சாதாரண ஆக்களின்ர படத்தோட, "நான் ஒரு ஷ்டோர்ஃபால்". அணு உலைக் கோளாறுக்கு டொச்சில, அதாவது ஜெர்மன் மொழியில, அதுதான் சொல். குசும்பு!

1997 ஜூலை 1, கம்பி கை மாறினது. பல வருஷம் கழிச்சு 35 லட்சம்தான் சரி எண்டு தீர்ந்து, கூடக் கட்டினது திரும்பி வந்தது.

சந்தேகசாமி:
அருமை அண்ணா. ஆனால் கம்பி கைக்கு வந்தால் மட்டும் அணுமின்சாரம் நின்றுவிடுமா? எல்லாம் ஒரே வலையில்தானே வருகிறது?

கறண்ட்காரன்:
நல்ல கேள்வி. எலெக்ட்ரானில முத்திரை குத்தேலாது. ஆனா கம்பி உங்கட கையில இருந்தா கட்டணத்தை நீங்கதான் எழுதுவியள். குறைச்சுப் பாவிக்கிறவைக்கு லாபமா வைக்கலாம், கூரையில சோலார் போட்டவைக்குக் கூடக் குடுக்கலாம். பழைய கம்பனியிட்ட இவை முதல் கேட்டதே அந்த மாதிரிக் கட்டணம்தான், அது மாட்டன் எண்டது.

1998-ல ஜெர்மனியில மின்சந்தை திறந்த பிறகு ஆரும் அவையிட்ட கறண்ட் வாங்கலாம். நானும் வாங்கிறன். ஆக மலிவு எண்டு சொல்ல மாட்டன், மனிசி ஒவ்வொரு பில்லுக்கும் ஒருக்காப் புறுபுறுக்கும்.